தோள்சீலையும் தலைத்துணியும்

ஆடை மானத்தைக் காப்பது. வெயிலையும் குளிரையும் தடுப்பது. இவ்விரு பயன்களையும் எல்லாரும் அறிவர். மூன்றாவது பயன் ஒன்றும் உண்டு. யார் யார்க்குப் பணிய வேண்டும் என்பதை ஊரறியக் காட்டும் அடையாளமாகவும் ஆடை பயன்பட்டு வந்திருக்கிறது. அரசுகளும் ஆதிக்கம் படைத்தோரும் ஆடை பற்றி ஆணை பிறப்பித்த போதெல்லாம் வாயால் முதற்பயனைப் பேசினர். நெஞ்சில் இம்மூன்றாவது பயனையே வைத்திருந்தனர். வரலாறு இதற்குச் சான்று பகரும்.

2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஈரான் நாட்டுப் பெண்கள் தெருவில் இறங்கித் தலைத்துணியைக் களைந்தனர். சிலர் அதனைத் தீயிலிட்டனர். சிலர் தம் கூந்தலைத் தாமே கத்தரித்துக் கொண்டனர். அச்செய்தியைப் படித்த தமிழர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பே. "தென் திருவிதாங்கூரில் நம் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக அடிபட்டனர். அதனை நாம் பெருமையோடு பேசுகிறோம். ஈரானியப் பெண்களோ ஆடையைக் களையும் உரிமை கேட்கின்றனர். முன்னதைப் போற்றுகின்றவர் பின்னதையும் போற்றுவது எங்ஙனம் பொருந்தும்?" என்பதே அவ்வையம்.

இவ்வையத்தின் வேர் ஈரானில் இல்லை. தோள்சீலைப் போராட்டத்தை நாம் படித்த முறையிலும், மாணாக்கர்க்குச் சொல்லிவரும் முறையிலும் அது ஊன்றியிருக்கிறது. அப்போராட்டத்தை நாணத்தின் வெற்றியாகப் படித்துவிட்டோம். அப்படிப்பு தவறானது என்பதையும், அந்தத் தவற்றினால் நாம் இழப்பது எது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

சங்கப் பாட்டின் அளவுகோல்

தமிழாசிரியர் அனைவரும் அறிந்த புறநானூற்றுப் பாட்டு ஒன்று உண்டு. 189ஆம் பாட்டாக நிற்பது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது. உலகு முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆளும் வேந்தனை ஒருபுறம் நிறுத்துகிறார் புலவர். இரவும் பகலும் கண்ணுறங்காது விலங்கின்பின் திரியும் கல்லாத வேட்டுவனை மறுபுறம் நிறுத்துகிறார். இருவர்க்கும் வேண்டும் உணவின் அளவு ஒன்றே, ஆடையின் எண்ணிக்கையும் ஒன்றே என்று காட்டி, ஆகவே செல்வத்தின் பயன் பிறர்க்கு ஈதலே என்று முடிக்கிறார்.

வகுப்பறையில் இப்பாட்டை ஈகைக்கு எடுத்துக்காட்டாகக் கற்பிக்கிறோம். அது தக்கதே, புலவரின் முடிவும் அதுவே. ஆயினும் முடிவை நோக்கி விரையும்போது, முடிவுக்கு அடிப்படையாக அவர் வைத்த அளவுகோலை நாம் நின்று பார்ப்பதில்லை. அரைக்கு ஒன்றும் மேலுக்கு ஒன்றுமாக இரண்டு ஆடைகள் வேந்தனுக்கும் வேடனுக்கும் பொது என்பது நக்கீரர் நிறுவ முயலும் செய்தியன்று. யாரும் மறுக்கமாட்டார் என்று எண்ணி அவர் எடுத்துக்கொண்ட எளிய உண்மை. அதன்மேல் நின்றே அவர் அறம் பேசுகிறார்.

பின்னொரு காலத்தில், தமிழ் வழங்கிய நிலத்திலேயே, இவ்விரண்டில் ஒன்றைச் சட்டத்தால் பறித்த அரசு ஒன்று இருந்தது. அரசிக்கு இரண்டு, பனையேறியின் மனைவிக்கு ஒன்று என்று அது கணக்கிட்டது. புலவர் ஐயமின்றி எடுத்துக்கொண்ட உண்மையை அவ்வரசு குற்றமாக்கியது. தோள்சீலைப் போராட்டத்தின் முழுப் பொருளும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

திருவிதாங்கூரின் ஆடைச் சட்டம்

இன்று கன்னியாகுமரி மாவட்டமாக உள்ள பகுதி 1956 வரை திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது. கல்குளம், இரணியல், பத்மநாபபுரம், நாகர்கோயில் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த இப்பகுதியில் பெருந்தொகையினராக வாழ்ந்த நாடார் மக்களுக்கு அக்காலத்தில் விதிக்கப்பட்டிருந்த தடைகள் பல. குடை பிடித்தல் ஆகாது. காலில் செருப்பு ஆகாது. பொன்னணி ஆகாது. மாடி வீடு ஆகாது. பெண்கள் நீர்க்குடத்தை இடுப்பில் வைத்துச் செல்லலும் ஆகாது. ஆண் பெண் இருபாலாரும் இடைக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் ஆடை உடுத்தல் ஆகாது.

இப்பட்டியலை மெல்லப் படித்துப் பார்த்தல் வேண்டும். குடைக்கும் நாணத்திற்கும் என்ன தொடர்பு? இடுப்புக் குடத்திற்கும் கற்பிற்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. தாழ்ந்தவர் எனப்பட்டவர் கண்டவுடன் தாழ்ந்தவராகத் தெரிய வேண்டும் என்னும் ஒரே நோக்கமே இத்தடைகள் அனைத்தையும் ஒரு கயிற்றில் கோத்திருந்தது. மேலாடைத் தடை அக்கயிற்றில் ஒரு மணி.

இன்னொரு சான்றும் உண்டு. அந்நாட்டில் மார்பை மறைக்காமை மரியாதையின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. நாயர் மகளிரும் நம்பூதிரிகளின் முன்னும் அரச குடும்பத்தார் முன்னும் மேலாடையை விலக்கிப் பணிவு காட்ட வேண்டியிருந்தது. படிக்குப் படி பணிவு உண்டு. படியின் அடியில் நின்ற பெண்ணுக்கோ எல்லாரும் மேலோர். ஆகவே அவளுக்கு எப்போதும் மேலாடை இல்லை. அவ்வளவே அந்த வழக்கத்தின் தத்துவம்.

குப்பாயம் போதாதா?

இப்போராட்டத்தைப் படிப்போர் பெரும்பாலும் கடந்து செல்லும் செய்தி ஒன்று உண்டு. அதனை இங்கே விரித்துரைக்க வேண்டும்.

1806ஆம் ஆண்டு முதல் மயிலாடியில் ரிங்கல்தௌபே என்னும் பாதிரியார் இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் பணியாற்றினார். 1818 முதல் சார்லஸ் மீட் நாகர்கோயிலைத் தலைமையிடமாகக் கொண்டு அப்பணியைத் தொடர்ந்தார். இச்சங்கம் மலாக்கா மக்களுக்குப் புதியதன்று. அதே 1818இல் மலாக்காவில் ஆங்கில சீனக் கல்லூரியை நிறுவியதும் இச்சங்கத்தைச் சேர்ந்தவர்களே. கிறித்தவம் தழுவிய நாடார் மகளிர் உடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்று ஆங்கில ரெசிடெண்டும் திவானுமாக இருந்த கர்னல் மன்றோ 1812இல் ஆணையிட்டார். ஆனால் 1814இல் வந்த அரசாணை அவ்வுரிமைக்கு ஒரு வடிவம் வரையறுத்தது. சிரியக் கிறித்தவரும் மாப்பிள்ளை மகளிரும் அணிவதுபோன்ற குப்பாயம் அணியலாம்; நாயர் மகளிர் அணிவதுபோன்ற தோள்சீலை அணிதல் கூடாது என்பதே அது.

குப்பாயம் என்பது தளர்ந்த சட்டை. மார்பை முற்றிலும் மறைப்பது. நாணத்தைக் காப்பதே நோக்கமாயின் 1814இலேயே கிறித்தவ நாடார் மகளிரின் வழக்கு முடிந்திருத்தல் வேண்டும். முடியவில்லை. அப்பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. குப்பாயத்தின் மேல் தோள்சீலையையும் அணிந்து சந்தைக்குச் சென்றனர். மறைப்பதற்கு மேலும் ஒன்றும் இல்லாத இடத்தில் மேலும் ஒரு துணியை ஏன் அணிந்தனர்? மேற்சாதிப் பெண்ணுக்கு உரியது எனக்கும் உரியது என்று சொல்வதற்காகவே அணிந்தனர். அத்துணி தோளில் கிடந்தது. அதன் பொருள் உரிமையில் கிடந்தது.

எதிர்த்தவர்களும் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் பெண்களைச் சந்தையிலும் பொதுவழியிலும் தடுத்து மேலாடையைக் கிழித்தனர். குப்பாயத்தைப் பொறுத்தவர்கள் தோள்சீலையைப் பொறுக்கவில்லை. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் பெண்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தும் கலகம் அடங்கவில்லை. 1827க்குப் பின் மீண்டும் மூண்டது. வழிபாட்டுக் கூடங்களும் பள்ளிகளும் எரிந்தன.

இரண்டு ஆணைகள்

இலக்கியத்தை ஆராய்வோர் ஒரு சொல்லையும் புறக்கணிப்பதில்லை. அரசாணைகளையும் அவ்வாறே படித்தல் வேண்டும். இராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியில் 1829 பிப்ரவரி 3ஆம் நாள் வந்த ஆணை, நாடார் மகளிர் தோள்சீலை அணிவது பழைய வழக்கத்திற்கு மாறானது என்று தடுத்தது. கிறித்தவ மகளிர்க்குக் குப்பாயத்தை மட்டும் விட்டுவைத்தது. அதே ஆணை நாடார்கள் அரசுக்குரிய ஊழியத்தைச் செய்தே தீரவேண்டும் என்றும் வற்புறுத்தியது. ஊழியம் என்பது கூலியில்லாக் கட்டாய உழைப்பு. துணியைப் பற்றிய ஆணையில் கூலியில்லா உழைப்பு ஏன் வந்தது? தோள்சீலையும் ஊழியமும் ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்பதை ஆணை எழுதியோர் நன்கு அறிந்திருந்தனர். தோளில் சீலை இட்டவள் நாளை கூலியும் கேட்பாள் என்று அவர்கள் அஞ்சினர்.

1858 நவம்பரில் விக்டோரியா அரசியின் பேரறிக்கை வெளிவந்தது. தென் திருவிதாங்கூரில் நம்பிக்கையும் பகையும் ஒருங்கே வளர்ந்தன. திவான் மாதவராவின் அரசு டிசம்பரில் அறிவிப்பு வெளியிட்டு, பழைய வழக்கத்தை அனுமதியின்றி மீறுவது முறையன்று என்று எச்சரித்தது. 1859 சனவரியில் நாகர்கோயிலை அடுத்த ஊர்களில் பெண்கள் தாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் ரெசிடெண்டு கல்லனை நெருக்கினார். உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா மன்னரின் ஆணை 1859 சூலை 26ஆம் நாள் வெளிவந்தது.

"உரிமை கிடைத்தது" என்று நம் நூல்களும் மேடைகளும் இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன. ஆணையின் சொற்களோ அவ்வளவு எளியவை அல்ல. கிறித்தவப் பெண்களைப்போல் குப்பாயம் அணியலாம். எம்மதத்து நாடார் மகளிரும் முரட்டுத் துணியை முக்குவத்திகளைப் போலச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் மட்டும் அணிதல் கூடாது. அதன் உள்ளடக்கம் இதுவே.

எந்த வகையிலும் மறைக்கலாம், ஒரு வகையைத் தவிர! நாணத்திற்கு வேண்டிய அனைத்தையும் அரசு கொடுத்துவிட்டது. சமத்துவத்திற்கு வேண்டிய ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. அந்தக் கடைசித் தொடர் ஆணையின் சிறு குறையன்று. ஆணையின் உயிரே அதில் இருக்கிறது. 1859ஆம் ஆண்டு ஆணையை அக்கடைசித் தொடரை விட்டுவிட்டுக் கற்பிப்பது, ஒரு செய்யுளின் ஈற்றடியை வெட்டிவிட்டு உரை சொல்வது போன்றது.

கதை திரிந்த விதம்

இவ்வளவு தெளிவான சான்று இருந்தும், நாணக் கதையாகவே இவ்வரலாறு நிலைபெற்றது ஏன்? அதற்குப் பலர் உதவியுள்ளனர். மிஷன் சங்கத்தார் தம் நாட்டு ஆதரவாளர்களுக்கு எழுதும்போது ஆடையில்லாப் பெண்களுக்கு ஆடை தந்த கதையாக இதனை எழுதினர். பின்வந்த நம்மவர் தமிழ்ப் பெண்ணின் மானம் காத்த கதையாக எழுதினர். இருவரும் நல்லெண்ணம் உடையவரே. ஆனால் இருவர் கதையிலும் பெண் காக்கப்படுகிறாள். அவளே முடிவு செய்பவளாகத் தோன்றுவதில்லை. மீட்டின் பெயர் நமக்குத் தெரியும். கல்லன், டிரெவெல்யன், மாதவராவ் ஆகியோர் பெயர்கள் தெரியும். சந்தையில் சீலை கிழிக்கப்பட்டு, மறுவாரமும் சீலை அணிந்து அதே சந்தைக்கு வந்த பெண்களின் பெயர்களோ பெரும்பாலும் தெரியா. தெரியாமற் போனது தற்செயல் அன்று.

சேர்த்தலை நங்கேலியின் கதையை இங்குக் குறிப்பிட வேண்டும். வரி கேட்டு வந்தவர்முன் தன் மார்பை அறுத்து வைத்தாள் என்று சொல்லப்படும் இக்கதைக்கு அக்காலத்து எழுத்துச் சான்று கிடைக்கவில்லை. இது வாய்மொழியாக வந்தது. முலைவரி என்ற பெயரில் இருந்தது கீழ்ச்சாதிப் பெண்களுக்கான தலைவரியே என்றும், கதையின் பழைய பொருள் வரிக்கொடுமையை எதிர்த்தல் என்றும், மார்பை மறைக்கும் உரிமைக்கான கதையாக அது பின்னர் மாறியது என்றும் வரலாற்று ஆய்வாளர் மனு எஸ். பிள்ளை எடுத்துக்காட்டியுள்ளார். கொடுமையான வரியை எதிர்த்த ஒருத்தியின் கதையைக்கூட நாம் நாணத்தின் கதையாக்கிக் கொண்டோம். ஆசிரியர்கள் இதனை வாய்மொழிக் கதை என்று சொல்லியே மாணாக்கர்க்குக் கூறுதல் நலம். ஆவணச் சான்று நிறைந்த போராட்டத்திற்குச் சான்றில்லாக் கதை துணைவர வேண்டியதில்லை.

ஆண்கள் பங்கையும் நாணக் கதை மறைத்துவிடுகிறது. சாமித்தோப்பில் தோன்றிய ஐயா வைகுண்டர், தலைப்பாகை கட்டும் உரிமையற்றிருந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்தார். இன்றும் அங்கு ஆண்கள் தலைப்பாகை அணிந்தே வழிபடுகின்றனர். ஆணின் தலைப்பாகையை நாணத்தால் விளக்க முடியுமா? அதுவும் தோள்சீலையும் ஒரே போராட்டத்தின் இரு கிளைகள்.

இவ்வரலாற்றைச் சொல்லவே அஞ்சுவோரும் உளர். இந்திய நடுவண் கல்வி வாரியம் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் இப்பகுதியிலிருந்து வினா கேட்கலாகாது என்று 2016இல் சுற்றறிக்கை விடுத்தது. 2019இல் ஆடையின் வரலாறு பற்றிய பாடமே நூலிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மார்ச் 6ஆம் நாள் நாகர்கோயிலில் நடந்த தோள்சீலைப் போராட்ட 200ஆம் ஆண்டு விழாவில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலினும் கேரள முதலமைச்சர் பினராயி விசயனும் ஒரே மேடையில் நின்றனர். பாடநூலில் நீங்கியது மேடையில் பேசப்பட்டது, அவ்வளவில் மகிழ்ச்சியே. ஆயினும் மேடை ஒரு நாளில் முடிந்துவிடும். பாடம் ஆண்டுதோறும் வரும்.

கல்லுமாலையை அறுத்த பெண்கள்

அணியும் உரிமையும் களையும் உரிமையும் முரண்பட்டவையா என்னும் வினாவுக்கு விடை சொல்ல ஈரான்வரை செல்ல வேண்டியதில்லை. திருவிதாங்கூரே விடை சொல்லிவிட்டது.

அந்நாட்டில் புலையர் குலப் பெண்கள் கழுத்தில் கல்லுமாலை அணிய வேண்டும் என்பது கட்டாயம். விலையற்ற கல்லும் மணியும் கோத்த சுமை அது. அடிமைக் குலத்தின் அடையாளம். 1915ஆம் ஆண்டு கொல்லத்தை அடுத்த பெரினாட்டில் அதனைக் களையும் போராட்டம் எழுந்தது. ஆதிக்கம் செலுத்தியோர் தாக்கினர், குடிசைகள் எரிந்தன, கலகம் பரவியது. அய்யன்காளி கொல்லத்தில் பெருங்கூட்டம் கூட்டினார். சங்ஙனாசேரி பரமேசுவரன் பிள்ளை தலைமை தாங்கிய அக்கூட்டத்தில், பெண்கள் தம் கழுத்திலிருந்த கல்லுமாலைகளை அறுத்துக் குவித்தனர்.

1859இல் ஒரு பெண் அணிந்தாள். 1915இல் ஒரு பெண் களைந்தாள். நாடு ஒன்று, அரசகுலம் ஒன்று, "பழைய வழக்கம்" என்னும் வாதமும் ஒன்று. அணிந்தவளை ஏன் அணிந்தாய் என்று அடித்தனர். களைந்தவளை ஏன் களைந்தாய் என்று அடித்தனர். இருவரும் கேட்டது ஒன்றே: என் உடம்பில் எது இருக்க வேண்டும் என்பதை நான் முடிவு செய்வேன். தோள்சீலைப் பெண்ணைப் போற்றிவிட்டுக் கல்லுமாலைப் பெண்ணைப் போற்றத் தயங்குவார் தமிழரில் யாரும் இலர். எனின் ஈரானியப் பெண்ணிடம் வரும்போது மட்டும் தயக்கம் ஏன்?

ஈரானின் இரண்டு சட்டங்கள்

ஈரான் வரலாறும் இதே பாடத்தை ஒரே நாட்டிற்குள் இருமுறை கற்பித்தது. 1936 சனவரி 8ஆம் நாள் ரேசா ஷா மன்னர் முகத்திரையையும் தலைத்திரையையும் தடைசெய்தார். தெருவில் காவலர் பெண்களின் போர்வையை இழுத்துப் பறித்தனர். நாணிய பெண்கள் பலர் வீட்டைவிட்டு வெளிவராமலே காலம் கழித்தனர். 1979இல் புரட்சி வந்தது. மார்ச் மாதத்தில் கொமெய்னி அலுவலகப் பெண்கள் தலையை மறைக்க வேண்டும் என்று கூறியதும், மார்ச் 8ஆம் நாள், உலக மகளிர் நாளிலேயே, ஆயிரக்கணக்கான பெண்கள் தெகரானில் திரண்டு எதிர்த்தனர். அவருள் பலர் மன்னராட்சியை எதிர்த்துப் போராடியவர்கள். எதிர்ப்பு நிலைக்கவில்லை. 1983இல் தலைத்துணி அணியாத பெண்ணுக்கு 74 கசையடி என்று சட்டம் எழுதப்பட்டது.

மன்னர் பறித்தார், குருமார் போர்த்தினர். பறித்த கையும் போர்த்திய கையும் பெண்ணைக் கேட்கவில்லை.

2017 டிசம்பரில் விடா மொவாகெத் என்னும் பெண் தெகரானின் புரட்சித் தெருவில் ஒரு பெட்டியின்மேல் ஏறி, தன் வெண்ணிறத் தலைத்துணியைக் கோலில் கட்டி அசைத்து நின்றார். அவர் முழக்கமிடவில்லை, அமைதியாக நின்றார். அவரைக் கைது செய்தனர். ஆனால் அவரைப் பார்த்துப் பிற பெண்களும் அவ்வாறே நின்றனர். 2022 செப்டம்பர் 13ஆம் நாள் சாக்கேசு ஊரைச் சேர்ந்த குர்தியப் பெண் மாசா அமினி, வயது 22, தெகரானில் ஒழுக்கக் காவலரால் பிடிக்கப்பட்டார். 16ஆம் நாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். "பெண், வாழ்வு, விடுதலை" என்னும் முழக்கம் நாடெங்கும் எழுந்தது. ஐக்கிய நாடுகள் அவையின் உண்மையறியும் குழு 2024 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. காவலில் நேர்ந்த வன்முறையே மாசாவின் சாவுக்குக் காரணம் என்று அக்குழு கண்டது. அடக்குமுறையில் 551 பேர்வரை கொல்லப்பட்டனர் என்றும், அவருள் 49 பெண்களும் 68 சிறாரும் இருந்தனர் என்றும் அது குறித்தது. போராடிய இளைஞர் சிலர் தூக்கிலிடப்பட்டனர். சிறையிலிருந்த நர்கீசு முகமதிக்கு 2023இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. பரிசை அவர் மக்களே சென்று பெற்றனர். மேலும் கடுமையான ஆடைச் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியும், 2024 டிசம்பரில் அதனை நடைமுறைப்படுத்துவது நிறுத்தி வைக்கப்பட்டது. பழைய கட்டாயம் அதனால் நீங்கிவிடவில்லை. ஆனால் தலைத்துணியின்றித் தெருவில் நடக்கும் பெண்கள் பெருகிவிட்டனர் என்பது ஒழுக்கக் காவலரும் அறிந்த உண்மை.

கல்குளத்துச் சந்தையையும் தெகரான் தெருவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இங்கும் பொது இடமே களம். இங்கும் "வழக்கம்", "ஒழுக்கம்" என்னும் சொற்களே கருவி. "வெளியார் தூண்டிவிட்டனர்" என்பதே இரண்டிடத்தும் ஆட்சியாளர் கூறிய காரணம். அங்கே பாதிரிமார்மேல் பழி. இங்கே 2022 அக்டோபர் 3ஆம் நாள் கமேனி அமெரிக்காவின் மேலும் இசுரேலின் மேலும் சுமத்திய பழி. வெளியார்க்குத் தம் நலன் உண்டு என்பது மெய்யே. மிஷனுக்கும் ஆங்கில ஆட்சிக்கும் அது இருந்தது. இற்றை வல்லரசுகளுக்கும் உண்டு. அதனால் சீலை கிழிந்த பெண்ணின் நியாயம் குறைந்துவிடுமா? அவள் பிறர் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லவில்லை. தன் உடம்பில் பட்ட அடியைச் சொன்னாள்.

எதிர்வாதங்கள்

"பிற மதத்தார் செய்தியில் நாம் தலையிடலாமா?" என்று கேட்கலாம். மலேசியாவில் வாழும் நமக்கு இக்கேள்வி இன்றியமையாதது. பாச்சாங்கிலும் புக்கிட் பாருவிலும் ஜாசினிலும் நம் அண்டை வீட்டு மலாய்ச் சகோதரியர் பலர் தம் பற்றினால் தூடோங் அணிகின்றனர். அப்பற்றை இகழும் சொல் ஒன்றும் இக்கட்டுரையில் இல்லை. தலைத்துணி அணிந்த ஈரானியப் பெண்களும் 2022இல் தலைத்துணியைக் களைந்தோரின் பக்கம் நின்றனர். பற்றினால் அணிவது ஒன்று. கசையடிக்கு அஞ்சி அணிவது மற்றொன்று. அஞ்சி அணிந்த துணியில் பற்றும் இல்லை. ஆகவே கட்டாயத்தை எதிர்ப்பது பற்றுக்குப் பகையாகாது.

இக்கொள்கை இருபுறமும் வெட்டுவது என்பதையும் மறைக்கலாகாது. 2022 பிப்ரவரி 5ஆம் நாள் கருநாடக அரசின் சீருடை ஆணையினால், தலைத்துணி அணிந்த இசுலாமிய மாணவியர் கல்லூரி வாயிலில் தடுக்கப்பட்டனர். மார்ச் 15ஆம் நாள் உயர்நீதிமன்றம் ஆணையை ஏற்றது. அக்டோபர் 13ஆம் நாள் உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பளித்தனர்; மாணவியர் பக்கம் நின்ற நீதிபதி சுதான்சு தூலியா, இது அவர்கள் விருப்பத்தைப் பொறுத்தது என்றார். ஈரானில் களையும் உரிமை கேட்டவரும் கருநாடகத்தில் அணியும் உரிமை கேட்டவரும் ஒரே ஆண்டில் இருந்தனர். ஒருவரை மட்டும் ஆதரிக்கின்றவர் பெண்ணை ஆதரிக்கவில்லை. தமக்குப் பிடித்த ஆடையை ஆதரிக்கின்றார்.

தோட்டத்துப் பாடம்

நம் நாட்டு வரலாற்றிலும் இதன் சாயல் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு வேறு சிலவும் கேட்டனர். தோட்டத்துத் துரையையும் அலுவலரையும் கண்டவுடன் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தோட்டப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பது இன்னொன்று. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் சிலர் துப்பாக்கிக்கு இரையாயினர். மிதிவண்டியிலிருந்து இறங்குவதால் எவர்க்கும் பசி மிகுவதில்லை. ஆயினும் அதற்காக உயிர் கொடுக்கத் துணிந்தனர். ஏனெனில் அது குடையும் செருப்பும் தோள்சீலையும் போன்றதே.

1943இல் சிங்கப்பூரில் டாக்டர் இலட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தனர். அதுவரை சேலையன்றி வேறறியாதவர் காற்சட்டையும் தொப்பியும் அணிந்து துப்பாக்கி ஏந்தினர். ஜானகி ஆதி நாகப்பன், ராசம்மா பூபாலன் ஆகியோரை இந்நாடு இன்றும் மதிக்கிறது. அவர்கள் நாணத்தைக் கைவிட்டனர் என்று எவரும் சொல்லத் துணியார். அவ்வுடையை அவர்கள் தேர்ந்தனர். அதுவே அதற்குப் பெருமை தந்தது.

ஆசிரியர் செய்யத்தக்கது

ஈரானியப் பெண்களுக்கு நம் ஆதரவு பெரிய பொருளுதவியாக அமையப் போவதில்லை. மலாக்காத் தமிழர் சொல்வதைத் தெகரான் கேட்கும் என்று எண்ணுவதும் பேதைமை. எனினும் நம் கையில் ஒன்று இருக்கிறது. அது வகுப்பறை.

நக்கீரரின் பாட்டைக் கற்பிக்கும்போது, அவர் கூறிய இரண்டு ஆடைகளில் ஒன்றைப் பறித்த அரசு இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்லலாம். தோள்சீலைப் போராட்டத்தைச் சொல்லும்போது, குப்பாயம் கிடைத்த பின்னும் பெண்கள் ஏன் ஓயவில்லை என்று மாணாக்கரைக் கேட்கலாம். 1859ஆம் ஆண்டு ஆணையின் கடைசித் தொடரை அவர்களைக் கொண்டே படிக்கச் செய்யலாம். அடுத்த பாடமாகக் கல்லுமாலையை வைக்கலாம். மூன்றாவதாக மாசா அமினியின் பெயரைக் கரும்பலகையில் எழுதலாம். இம்மூன்றையும் தொடர்ந்து கேட்ட சிறுமி, அணிவதும் களைவதும் எதிரெதிர் என்று எண்ணமாட்டாள். ஆணையிடுவோரும் ஆணைக்கு உட்பட்டோருமே எதிரெதிர் என்பதை உணர்வாள்.

தோள்சீலைப் பெண்களை நாம் நம் பாட்டியர் என்று பெருமையோடு அழைக்கிறோம். அவ்வுறவு மெய்யாயின், தெகரான் தெருவில் தலைத்துணியைக் கோலில் கட்டி நின்றவளும் நமக்கு உறவே. அவளுக்காக ஒரு சொல் பேசத் தயங்கும் நாவுக்குத் தோள்சீலையைப் பற்றிப் பேசும் தகுதியும் இல்லை என்க.